டெஸ்க்டாப் புரோகிராம்ல எந்த டைமர் போடணும்? ஹேங் ஆகாம எழுத புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூர்ல பீன்யா பக்கம் ஒரு சின்ன கம்பெனில டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதுறேன். ஃபேக்டரி, குடோன், வே பிரிட்ஜ் மாதிரி இடங்களுக்குத்தான் எங்க வேலை எல்லாம். ஊரே வெப், மொபைல்னு போயிட்டாலும் லாரி ஏறி நிக்கிற எடை மேடைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்கும், அதுல ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுறது இன்னைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ்தான் (மைக்ரோசாஃப்ட் டாட்நெட்ல டெஸ்க்டாப் ஜன்னல் செய்யற முறை, ஒவ்வொரு ஜன்னலும் ஒரு ஃபார்ம்). தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருந்து படிச்சு முடிச்சு நேரா இங்க வந்து சேர்ற பசங்க பொண்ணுங்க முதல் மாசத்துல மாட்டுற இடம் ஒண்ணே ஒண்ணு, அது டைமர். "அண்ணா, டூல் பாக்ஸ்ல ஒரு டைமர் இருக்கு, நெட்ல தேடினா வேற ரெண்டு டைமர் வருது, எல்லாத்துக்கும் பேரும் ஒண்ணுதான், எதைப் போடுறது?" அப்படின்னு கேட்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னதை இங்க மொத்தமா எழுதிடுறேன்.

எனக்கு இது எப்படிப் புரிஞ்சுதுன்னு முதல்ல சொல்றேன். ஒரு சைட்ல நான் எழுதின வே பிரிட்ஜ் புரோகிராம் ஓடிட்டு இருந்துச்சு. எடை காட்டுற இண்டிகேட்டர்ல இருந்து சீரியல் கேபிள் வழியா நம்பர் வரும், 200 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை டைமர் அடிக்கும், டிக் ஈவென்ட்ல (டைமர் அடிக்கும்போது ஓடுற கோட்) ரீட்லைன் போட்டு (ஒரு முழு வரி வர்ற வரைக்கும் காத்திருந்து படிக்கிறது) நம்பரைப் படிச்சு லேபிள்ல காட்டுவேன், அவ்ளோதான் கோட். ஒரு நாள் நாமக்கல் லாரி ஒண்ணு ஜல்லி லோடோட மேடை மேல ஏறி நிக்குது, டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வெளிய நின்னு ஸ்கிரீனையே பார்த்துட்டு இருக்கார். ஸ்கிரீன்ல 28,460னு இருக்கு. ஆபரேட்டர் ஸ்லிப் போட பட்டனை அழுத்துறார், அமுங்கல. இன்னொரு தடவை அழுத்துறார், கொஞ்ச நேரத்துல ஜன்னல் முழுக்க வெளுத்துப் போயி மேல 'நாட் ரெஸ்பாண்டிங்'னு வந்துடுச்சு. ஆபரேட்டர் எனக்கு போன் போட்டு "சார், ஹேங் ஆகிதே"ன்னு கன்னடத்துல சொல்றார், பின்னாடி டிரைவர் குரல் தமிழ்ல கேட்குது: "ஏங்க, அந்த நம்பர் என் வண்டியோடதா, முன்ன போன வண்டியோடதா?"

முன்ன போன வண்டியோடதுதான். கேபிள் லூஸ் ஆகி டேட்டா வர்றது நின்னுடுச்சு, ரீட்லைன் டேட்டாவுக்காகக் காத்துட்டே இருக்கு, அந்த நிமிஷத்துல இருந்து ஃபார்ம் உயிரோட இல்ல. ஆனா பழைய நம்பர் மட்டும் ஸ்கிரீன்ல அப்படியே நிக்குது. ஒரு டன் வித்தியாசம்னா யாரோ ஒருத்தர் பணம் போகுது. அதனாலதான் இதை அவ்ளோ முக்கியமா நினைக்கிறேன்.

ஸ்டெப் 1: உங்க ஃபார்ம் யார் கையில ஓடுதுன்னு பாருங்க

விண்டோஸ்ல ஒரு ஃபார்ம் ஓடுதுன்னா அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு த்ரெட்தான் (கோடை வரிவரியா ஓட்டுற ஒரு ஆள் மாதிரி) வேலை செய்யுது, அதை யூஐ த்ரெட், அதாவது ஸ்கிரீனைப் பார்த்துக்கிற த்ரெட்னு சொல்வோம். மவுஸ் கிளிக், கீபோர்ட், ஜன்னலை நகர்த்துறது, திரும்ப வரையறது எல்லாம் மெசேஜா ஒரு வரிசைல வந்து நிக்கும், இந்த த்ரெட் ஒவ்வொண்ணா எடுத்து முடிக்கும். ரேஷன் கடைல ஒரே ஒரு ஆள் பில் போடுற மாதிரி வச்சுக்கோங்க, அவர் ஒரு கார்டுக்காரர் கூட பத்து நிமிஷம் பேசிட்டு இருந்தா பின்னாடி நிக்கிற எல்லாரும் நிக்க வேண்டியதுதான். அந்த த்ரெட் 5 செகண்ட் வரைக்கும் மெசேஜ் எதையும் எடுக்கலைன்னா விண்டோஸ் அதை செத்ததா எடுத்துக்கிட்டு ஜன்னலை வெளுக்க வச்சு நாட் ரெஸ்பாண்டிங் போட்டுடும். அதனால டைமர் எதுவா இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இது அடிக்கும்போது என் கோட் எந்த த்ரெட்ல ஓடும்?" அப்படிங்கிறது. எத்தனை மில்லி செகண்டுக்கு ஒரு தடவை அடிக்கும், எவ்ளோ துல்லியம்ங்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

இதை நான் சொன்னேன்னு நம்பிட்டு விட்டுடாதீங்க, ஒரு புது ஃபார்ம் திறந்து டைமர் போட்டு, டிக் ஈவென்ட்ல த்ரெட் ஸ்லீப் 3000 போட்டு ஓட்டுங்க, ஜன்னலைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. ஒட்டிக்கிட்டு வராது. அப்புறம் அதே இடத்துல இப்ப ஓடுற த்ரெட் ஐடியை டீபக் அவுட்புட்ல எழுதிப் பாருங்க, ஃபார்ம் லோட் ஈவென்ட்ல வர்ற அதே நம்பர் வரும். அரை மணி நேர வேலைதான், ஆனா அஞ்சு கட்டுரை படிக்கிறதை விட இது நல்லா மண்டைல ஏறும்.

ஸ்டெப் 2: மூணு டைமரையும் அடையாளம் தெரிஞ்சுக்கோங்க

டாட்நெட்ல சிஸ்டம்.விண்டோஸ்.ஃபார்ம்ஸ்.டைமர்னு ஒண்ணு இருக்கு, டூல் பாக்ஸ்ல இருந்து இழுத்துப் போடுறது. இது யூஐ த்ரெட்லயே ஓடும். டைம் ஆனதும் ஒரு மெசேஜா அதே வரிசைல வரும், அதுவும் மத்த மெசேஜ் எல்லாம் போனதுக்கு அப்புறம்தான் இதுக்கு இடம், அவ்ளோ கீழ்மட்ட மெசேஜ். அதனால துல்லியம் எதிர்பார்க்காதீங்க, 55 மில்லி செகண்டுக்குக் கீழ இதை நம்ப முடியாதுன்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமெண்ட்லயே போட்டிருக்கு. ஆனா இதுல ஒரு பெரிய வசதி, டிக் ஈவென்ட்ல லேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் எதை வேணா பயமில்லாம தொடலாம், ஒரே த்ரெட்ங்கிறதால லாக் (ஒரு த்ரெட் தொடும்போது இன்னொண்ணு தொடாம பூட்டுறது) எதுவும் தேவையில்ல.

ரெண்டாவது சிஸ்டம்.டைமர்ஸ்.டைமர். இது அடிக்கும்போது த்ரெட் பூல்ல (டாட்நெட் தயாரா வச்சிருக்கிற த்ரெட் கூட்டம்) இருந்து சும்மா இருக்கிற ஒரு த்ரெட்டை எடுத்து எலாப்ஸ்டு ஈவென்ட்டை (இதுல டிக்குக்குப் பதிலா வர்றது) ஓட விடும். ஃபார்ம் ஃப்ரீயா இருக்கும், ஆனா உங்க கோட் இப்ப வேற த்ரெட்ல இருக்கு. மூணாவது சிஸ்டம்.த்ரெடிங்.டைமர், இதுவும் த்ரெட் பூல்தான், ஈவென்ட் கிடையாது, கால்பேக் (டைமர் அடிக்கும்போது கூப்பிட ஒரு ஃபங்ஷன்) குடுக்கணும், இன்னும் மெலிசானது. மூணுக்கும் பேர் டைமர்ங்கிறதால ஃபைல் மேல ரெண்டு யூஸிங் சேர்த்துப் போட்டா கம்பைலர் குழம்பி எரர் குடுக்கும், அப்ப அவசரத்துல ஏதோ ஒரு யூஸிங்கை அழிச்சு எரரை நிறுத்தாதீங்க, எது வேணும்னு முடிவு பண்ணி முழுப் பேரையும் எழுதுங்க. எரர் போறதுக்காக அழிச்சு, தெரியாமலே வேற டைமருக்கு மாறிப் போன கோட் நிறைய பார்த்திருக்கேன்.

டபிள்யூபிஎஃப்னா (டாட்நெட்ல ஜன்னல் செய்யற இன்னொரு முறை) டிஸ்பேச்சர் டைமர், அதுவும் யூஐ த்ரெட்தான், முதல் வகையோட உறவு.

ஸ்டெப் 3: டிக்ல நடக்கிற வேலையை அளந்து பாருங்க

ஸ்டாப்வாட்ச் கிளாஸ் இருக்கு, ஹேண்ட்லரோட (ஈவென்ட் வந்தா ஓடுற உங்க ஃபங்ஷன்) முதல் வரில ஸ்டார்ட், கடைசி வரில ஸ்டாப், எத்தனை மில்லி செகண்ட் ஆகுதுன்னு ஒரு நாள் முழுக்க ஒரு ஃபைல்ல எழுதி வைங்க. சராசரியைப் பார்க்காதீங்க, அதிகபட்சம் எவ்ளோன்னு பாருங்க. மணியை லேபிள்ல காட்டுறது, புரோகிரஸ் பாரை நகர்த்துறது, மெமரில இருக்கிற ஒரு நம்பரை எடுத்துக் காட்டுறது, இதெல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லி செகண்ட்ல முடியும், இதுக்கு ஃபார்ம்ஸ் டைமர் தாராளமா போதும், மல்டி த்ரெட் பக்கமே போகாதீங்க. என் கணக்கு இது: எந்த நிலைமைலயும் 50 மில்லி செகண்டைத் தாண்டாதுன்னா யூஐ டைமர், தாண்டலாம்னு ஒரு சந்தேகம் இருந்தாலே அந்த வேலை யூஐ த்ரெட்ல இருக்கக் கூடாது.

நெட்வொர்க், டேட்டாபேஸ், சீரியல் போர்ட், பென் டிரைவ் இதுங்க எல்லாம் சந்தேக லிஸ்ட்லயே முதல்ல வர்றது. நல்லா இருக்கிற நாள்ல வேகமா இருக்கும், அதை வச்சு ஏமாந்துடுவோம். என் வே பிரிட்ஜ் கோடையே எடுத்துக்கோங்க, 9600 பாட்ல (சீரியல் கேபிளோட வேகம், செகண்டுக்கு 9600 பிட்) ஒரு எழுத்துக்கு 10 பிட், அப்ப செகண்டுக்கு 960 எழுத்து, இண்டிகேட்டர் அனுப்புற ஒரு வரி 16 எழுத்துன்னா 17 மில்லி செகண்ட்ல வந்துடும். ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணப்ப அப்படித்தான் வந்துச்சு, சூப்பரா இருக்குன்னு குடுத்துட்டோம். ஆனா சீரியல்போர்ட் கிளாஸ்ல ரீட் டைம்அவுட்டோட டிஃபால்ட் என்னன்னா முடிவில்லாம காத்திருக்கிறது. கேபிள் கழண்டா 17 மில்லி செகண்ட் அப்படியே முடிவில்லாத நேரமா மாறிடும். அதனால வேற எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ரீட் டைம்அவுட்டுக்கு 500ன்னு ஒரு எண்ணைப் போடுங்க, டேட்டா வரலைன்னா டைம்அவுட் எக்ஸப்ஷன் வரும், பிடிச்சுக்கலாம்.

இன்னொரு பொறி இருக்கு, இதையும் யூஐ டைமர்லயே பார்க்கலாம். டிக்குக்குள்ள மெசேஜ் பாக்ஸ் காட்டினா அது மூடுற வரைக்கும் டைமர் நிக்கும்னு நினைப்பீங்க, நிக்காது, மெசேஜ் பாக்ஸ் தனக்குன்னு மெசேஜ் வரிசையை ஓட்டிட்டே இருக்கும், அதனால டைமர் திரும்ப அடிச்சு அடுத்த மெசேஜ் பாக்ஸ் வரும், அதுக்கு மேல இன்னொண்ணு. டிக்குக்குள்ள எதையாவது காட்டணும்னா முதல் வரில டைமரை நிறுத்துங்க, காட்டி முடிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஹேங் ஆகுதுன்னு டூஈவென்ட்ஸ் (நடுவுல மெசேஜ் வரிசையை ஓட விடுற கட்டளை) போடுறவங்களுக்கும் இதே கதைதான், அதை மட்டும் தயவுசெஞ்சு பழகிக்காதீங்க.

ஸ்டெப் 4: மல்டி த்ரெட் டைமருக்கு மாறினா என்னென்ன பார்த்துக்கணும்

அந்த ஹேங்குக்கு அப்புறம் நான் உடனே சிஸ்டம்.டைமர்ஸ்.டைமருக்கு மாத்திட்டேன். ஃபார்ம் உறையறது நின்னுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வேற புகார், ஒரே லாரிக்கு ரெண்டு ஸ்லிப், ஒரே எடை, அடுத்தடுத்த சீரியல் நம்பர். காரணம் என்னன்னா எடை நிலையானதும் தானா டேட்டாபேஸ்ல எழுதி ஸ்லிப் போடுற கோடையும் அதே எலாப்ஸ்டு ஈவென்ட்ல வச்சிருந்தேன். அன்னைக்கு டேட்டாபேஸ் மெதுவா இருந்துச்சு, முதல் டிக் எழுதி முடிக்கிறதுக்குள்ள 200 மில்லி செகண்ட் ஆயிடுச்சு, டைமர் காத்திருக்காம இன்னொரு த்ரெட்ல அதே ஹேண்ட்லரை ஓட விட்டுடுச்சு. ரெண்டு பேரும் 'இந்த வண்டிக்கு இன்னும் ஸ்லிப் போடல'ன்னு பார்த்து ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. முன்ன சொன்ன மெசேஜ் பாக்ஸ், டூஈவென்ட்ஸ் மாதிரி எதுவும் டிக்குக்குள்ள இல்லேன்னா யூஐ டைமர்ல இது நடக்காது, ஒரு டிக் முடிஞ்சாதான் அடுத்தது. த்ரெட் பூல்ல அந்த உத்தரவாதம் கிடையாது.

இதுக்கு எனக்குப் பிடிச்ச வழி, ஆட்டோரீசெட்டை ஃபால்ஸ்னு வச்சுடுறது. அப்ப டைமர் ஒரு தடவை மட்டும்தான் அடிக்கும், ஹேண்ட்லர்ல டிரை போட்டு வேலையை முடிச்சு ஃபைனலி பிளாக்ல திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. வேலை முடிஞ்ச நேரத்துல இருந்து அடுத்த 200 கணக்காகும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. த்ரெடிங் டைமர்லயும் இதே மாதிரி பீரியடுக்கு இன்ஃபினிட் குடுத்துட்டு கடைசில சேஞ்ச் கூப்பிடலாம். டாட்நெட் 6 அல்லது அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு பீரியாடிக்டைமர் வந்திருக்கு, அடுத்த டிக்குக்கு அவெய்ட் பண்ணி லூப்ல எழுதுறது, அதுல ஏறுற பிரச்சனையே வராது, புதுசா ஆரம்பிக்கிற புராஜெக்ட்னா நான் அதைத்தான் எடுப்பேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, அந்த லூப்பை யூஐ த்ரெட்ல இருந்து அப்படியே ஆரம்பிச்சா அவெய்ட்டுக்கு அப்புறம் திரும்பவும் யூஐ த்ரெட்டுக்கே வந்து நிக்கும், டாஸ்க் ரன் உள்ள வச்சு ஆரம்பிங்க.

அடுத்தது எக்ஸப்ஷன். சிஸ்டம்.டைமர்ஸ்.டைமர் ஹேண்ட்லர்ல வர்ற எக்ஸப்ஷனை அதுவே முழுங்கிடும், எங்கயும் சொல்லாது. நீங்க எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைச்சுட்டு இருப்பீங்க, உள்ள ஒவ்வொரு டிக்லயும் எரர் வந்துட்டே இருக்கும். த்ரெடிங் டைமர் நேர் எதிர், பிடிக்காம விட்டா புரோகிராமையே கீழ தள்ளிடும். எதுவா இருந்தாலும் ஹேண்ட்லர் முழுசையும் டிரை கேட்ச்ல வச்சு எரரை ஒரு ஃபைல்ல எழுதுங்க.

த்ரெடிங் டைமர்ல இன்னொரு விஷயம், அதை ஒரு மெத்தடுக்குள்ள லோக்கல் வேரியபிளா உருவாக்கிட்டு விட்டா கார்பேஜ் கலெக்டர் (யாரும் பயன்படுத்தாததை மெமரில இருந்து அள்ளுறது) எடுத்துட்டுப் போயிடும், டைமர் சத்தமில்லாம நின்னுடும். டீபக் பில்ட்ல ஓடும், ரிலீஸ் பில்ட்ல கொஞ்ச நேரத்துல நின்னுடும், நீங்க தலையைப் பிச்சுப்பீங்க. கிளாஸ் லெவல்ல ஃபீல்டா வைங்க.

ஸ்டெப் 5: வேற த்ரெட்ல இருந்து ஸ்கிரீனைத் தொடாதீங்க

எலாப்ஸ்டுல இருந்து நேரா லேபிள் டெக்ஸ்டை மாத்தினா விஷுவல் ஸ்டுடியோல கிராஸ் த்ரெட் எரர் வரும். வந்தா சந்தோஷப்படுங்க. ஏன்னா அந்தச் சோதனை டீபக்கர் மாட்டியிருக்கும்போதுதான் டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும், கஸ்டமர் கம்ப்யூட்டர்ல அதே தப்பு எரர் காட்டாம என்னைக்கோ ஒரு நாள் விசித்திரமா உடையும். சில பேர் அந்தச் சோதனையவே ஃபால்ஸ்னு போட்டு ஆஃப் பண்ணிட்டு பிரச்சனை தீர்ந்துச்சுன்னு போவாங்க, புகை அலாரத்தோட பேட்டரியைக் கழட்டுற மாதிரி அது.

சரியான வழி இன்வோக் இல்லேன்னா பிகின்இன்வோக், ரெண்டும் ஸ்கிரீனை மாத்துற வேலையை யூஐ த்ரெட்கிட்ட குடுக்கும். இன்வோக் போட்டா யூஐ த்ரெட் அந்த வேலையை முடிக்கிற வரைக்கும் உங்க த்ரெட் காத்திருக்கும். பிகின்இன்வோக் வரிசைல போட்டுட்டு வந்துடும். ஃபார்ம் மூடும்போது யூஐ த்ரெட் 'டைமர் வேலை முடியட்டும்'னு காத்திருக்க, டைமர் த்ரெட் இன்வோக்ல 'யூஐ முடிக்கட்டும்'னு காத்திருக்க, ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டே நிக்கிற டெட்லாக் இங்கதான் வருது, மூடுற பட்டனை அழுத்தினா மட்டும் ஹேங் ஆகுதுன்னு வர்ற புகாரை எடுத்துப் பார்த்தா நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இதுதான். அதனால பிகின்இன்வோக் பழகுங்க.

ஆனா வே பிரிட்ஜ்ல நான் கடைசில போய் நின்ன இடம் வேற. ரெண்டு டைமர் போட்டேன். பின்னாடி த்ரெட் பூல்ல ஒண்ணு, அது கேபிள்ல இருந்து படிச்சு எடையையும், படிச்ச நேரத்தையும் ஒரு லாக்குக்குள்ள ரெண்டு வேரியபிள்ல எழுதி வைக்கும், ஸ்கிரீனைத் தொடவே தொடாது. முன்னாடி ஃபார்ம்ஸ் டைமர் ஒண்ணு, 200 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை அதே லாக்கைப் பிடிச்சு ரெண்டையும் எடுத்துக் காட்டும், கேபிள் பக்கமே போகாது. இன்வோக் எங்கயும் கிடையாது. லாக்குக்குள்ள எழுதுறது படிக்கிறது மட்டும் வைங்க, ரீட்லைனையும் உள்ள தூக்கிப் போட்டா ஃபார்ம் அந்த லாக்குக்காக நிக்கும், பழைய கதை திரும்ப வந்துடும்.

நேரத்தை ஏன் சேர்த்து வைக்கிறேன்னா அந்த டிரைவர் கேட்ட கேள்விக்குத்தான். முன்னாடி இருக்கிற டைமர் 'இந்த நம்பர் படிச்சு எவ்ளோ நேரம் ஆச்சு'ன்னு கணக்குப் பண்ணும், 2 செகண்டைத் தாண்டினா நம்பரை எடுத்துட்டு சிவப்புல கோடு போட்டுடும், ஸ்லிப் பட்டனும் அமுங்காது. ஃபார்ம் உயிரோட இருந்தாதான் இதைச் சொல்லவே முடியும். இந்தக் கணக்குக்கும் ஸ்டாப்வாட்ச் வைங்க, கம்ப்யூட்டர் கடிகாரத்தை யாராவது மாத்தினா டேட்டைம் வச்சுப் போட்ட கணக்கு தப்பாயிடும். டிக் எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணி அதை நேரமா எடுத்துக்கிறதும் வேண்டாம், ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகும், சாயங்காலத்துக்குள்ள நல்லாவே விலகியிருக்கும்.

வேற மொழில எழுதுறவங்களுக்கு

ஜாவா ஸ்விங்ல ஸ்விங் டைமர் யூஐ பக்கம், யூடில் டைமர் பின்னாடி த்ரெட். யூடில் டைமர்ல ஒரு டாஸ்க்ல எக்ஸப்ஷன் பிடிக்காம விட்டா அந்த டைமரே செத்துடும், மத்த டாஸ்க்கும் நின்னுடும். பைதான் டிகிண்டர்ல ஆஃப்டர்னு ஒரு மெத்தட், யூஐ த்ரெட்லயே ஓடும், ஒரு தடவைதான் அடிக்கும், திரும்ப வேணும்னா ஃபங்ஷன் கடைசில நீங்களே திரும்ப ஆஃப்டர் போடணும், டைம் ஸ்லீப் மட்டும் அங்க வேண்டவே வேண்டாம். கனமான வேலையை தனி த்ரெட்ல விட்டு பதிலை க்யூல போட்டு ஆஃப்டர்ல எடுத்துக் காட்டுங்க, என் ரெண்டு டைமர் கதையோட அதே அமைப்புதான் அது. க்யூட்டில க்யூடைமர், அதை எந்த த்ரெட்ல உருவாக்கினீங்களோ அந்த த்ரெட்ல இருந்துதான் ஸ்டார்ட் பண்ணணும், அந்த த்ரெட்ல ஈவென்ட் லூப்பும் ஓடணும்.

ஸ்டெப் 6: குடுக்கிறதுக்கு முன்னாடி உடைச்சுப் பாருங்க

ஃபார்ம் குளோஸிங்ல முதல்ல 'மூடுறோம்'னு ஒரு ஃபிளாக் வைங்க, அப்புறம் டைமரை ஸ்டாப் பண்ணுங்க. ஸ்டாப் பண்ணதுக்கு அப்புறமும் ஏற்கனவே வரிசைல போன ஒரு எலாப்ஸ்டு வந்து அடிக்கலாம், அதனால ஹேண்ட்லரோட முதல் வரி அந்த ஃபிளாக்கைப் பார்த்துத் திரும்பிடணும், ஃபைனலில திரும்ப ஸ்டார்ட் பண்ற இடத்துலயும் பார்க்கணும்.

அப்புறம் டெஸ்ட். எங்க டீம்ல புதுசா சேர்ந்த தர்மபுரி தம்பிக்கு இதுதான் முதல் வேலையா குடுத்தேன். புரோகிராம் ஓடும்போது கேபிளைப் பிடுங்கு, ஜன்னலைப் பிடிச்சு ஸ்கிரீன் முழுக்கச் சுத்து, நம்பர் போயி சிவப்புக் கோடு வருதா பாரு, கேபிளை மாட்டு, தானா நம்பர் திரும்ப வருதா பாரு. டேட்டாபேஸ் எழுதுற இடத்துல 3 செகண்ட் ஸ்லீப் போட்டு ஒரு வண்டிக்கு ஒரே ஸ்லிப்தான் வருதான்னு பாரு. கேபிள் கழண்டிருக்கும்போதே ஃபார்மை மூடு, டாஸ்க் மேனேஜர்ல புராசஸ் நிஜமாவே போயிடுச்சான்னு பாரு. டீபக்கர் இல்லாம, ரிலீஸ் பில்ட்ல, மதியம் சாப்பாட்டுக்குப் போறப்ப ஓட விட்டுட்டுப் போ. அவன் சாப்பிட்டு வந்து பார்த்தப்ப நம்பர் ஓடிட்டு இருந்துச்சு, "அண்ணா, ஆனா கேபிளைத் திரும்ப மாட்டினா மட்டும் வர மாட்டேங்குது"ன்னு சொன்னான். யூஎஸ்பி கன்வெர்ட்டர் பக்கமே பிடுங்கியிருக்கான், அப்ப போர்ட்டே காணாமப் போயிடும், குளோஸ் பண்ணி திரும்ப ஓபன் பண்ற கோடும் பின்னாடி டைமர்ல வேணும். அதை அன்னைக்கு சாயங்காலமே அவன் எழுதிட்டான், அதுக்கப்புறம்தான் சைட்டுக்கு செட்டப் ஃபைல் அனுப்பினோம்.